அப்பா நல்லாயிருந்த நாள்

அப்பா கண்ணைத் திறந்து, பசிக்கிறது, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது ஆஸ்பத்திரி வாட்டில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தரை கூட்டிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, ஐயா தப்பிவிட்டார் என்று சொன்னாள். எனக்கு மட்டும் பயம் பிடித்தது. முந்தினநாள் முழுவதும் அவர் சத்தியும் வயிற்றோட்டமுமாகத் துவண்டு கிடந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அவர் நல்லாயிருக்கிறார் என்று கண்டதும்தான் பயந்தேன்.

ஏன் என்று சொல்வதானால் நாங்கள் எப்படிப்பட்டவர்கள், அந்தக் காளான் எப்படி எங்கள் சட்டிக்குள் வந்தது என்று சொல்லவேண்டும்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆட்கள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். அப்பா, அவருடைய அப்பா, அவருக்கு முந்தியவர்கள் எல்லோருக்கும் அதுதான் தொழில். தீவுப் பக்கமிருந்து ஆமி அடித்த செல் குண்டுகள் வந்து விழத் தொடங்கின. கடலில் இறங்கக்கூடாது என்ற தடையும் வந்தது. கடலுக்குப் போகாத குருநகரான் கரையில் இருந்து என்ன செய்வது? வலையைச் சாக்கில் கட்டிக்கொண்டு நீர்வேலிக்கு வந்தோம். வாழைத்தோட்டம் ஒன்றின் மூலையில், தண்ணீர் இறைக்கும் மெஷின் வைத்திருந்த கொட்டிலைத் தோட்டக்கார அம்மா எங்களுக்குத் தந்தார். மண்ணெண்ணெய் இல்லாததால் மெஷின் சும்மா கிடந்தது. அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம்.

அப்பா அந்தத் தோட்டத்திலேயே கூலிவேலைக்குப் போனார். வாழைக்கு மண் அணைக்கத் தெரியாது. அவர் மண்வெட்டி பிடிப்பதைப் பார்த்து, வள்ளச் சம்மாட்டியார் துடுப்புப் போடுகிறார் என்று கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்களாம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் மீன் இல்லாத சோற்றுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். உருட்டிய கவளம் கையிலேயே இருக்கும்.

எங்கள் சந்ததியில் பள்ளிக்கூடம் முழுவதும் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். யாழ்ப்பாணக் கம்பஸில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். கிழமை நாட்களில் கம்பஸுக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு அறையில் மூன்று பேரோடு தங்கியிருந்து சனிக்கிழமைகளில் நீர்வேலிக்கு வருவேன். அதனால் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நான் காணவில்லை. அம்மா சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

ஐப்பசி மழை பிடித்த கிழமை அது. வேலியோரம் முருங்கைக்குக் கீழே, உக்கிக் கிடந்த இலைகளுக்குள்ளே காளான் முளைத்திருந்தது. காளான் கறி வைத்தால் ஆட்டிறைச்சி மாதிரி இருக்கும் என்று தோட்டக்கார அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறார். எந்தக் காளான் என்று அம்மா கேட்கவில்லை. அப்படிக் கேட்கவேண்டிய ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. கடற்கரையில் ஏது காளான்?

ஆனாலும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சமைக்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. பேர் தெரியாத மீன் வலையில் பட்டால், பேத்தையைப் போல நஞ்சு மீனாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அதன் ஈரலை எடுத்துப் பூனைக்குப் போடுவார்கள். ஒரு சுருட்டைப் பற்றவைத்து அது முடியுமட்டும் பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பூனை தள்ளாடாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனால் மீன் சட்டிக்குப் போகும். எனக்கு அறிவு தெரிந்த நாளிலிருந்து இந்த முறை எங்கள் வீட்டில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. மீனின் நஞ்சு அப்படிப்பட்டது. தாமதிக்காது, உடனே காட்டிவிடும்.

அம்மா காளானைத் தேங்காய்ப்பால் விட்டு, மஞ்சள் போட்டு, நன்றாகக் கொதிக்கவைத்தார். முதல் அகப்பையைத் தோட்டத்துப் பூனைக்கு வைத்தார். பூனை தின்றுவிட்டு, மழை விட்டு வெயில் எறித்த இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டது. கறி ஆறும்வரை அம்மா காத்திருந்தார். பூனை எழும்பி, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, இன்னும் கொஞ்சம் கேட்டதாம். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குச் சோறு போட்டார். இருந்தது ஒரு ஆளுக்குத்தான் காணும். அம்மா சம்பலோடு சாப்பிட்டார். கனநாளைக்குப் பிறகு அப்பா கோப்பையை வழித்துச் சாப்பிட்டதை அம்மா எனக்குச் சொன்னபோது, அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நான் போனபோது அப்பா கொட்டிலுக்குள் சுருண்டு கிடந்தார். கன்னம் உள்ளே இழுத்திருந்தது. நான் முதலில் பெரிதாக எடுக்கவில்லை. மழை பெய்தால் கிணறுகளில் ஊத்தைத் தண்ணீர் இறங்கும். இடம்பெயர்ந்து வந்தவர்கள் இருந்த இடமெல்லாம் வயிற்றோட்டம்தான். என்ன சாப்பிட்டார் என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"வேறை ஒண்டுமில்லை தம்பி, நேற்று மத்தியானம் காளான் கறி" என்றார் அம்மா. "அதெண்டால் அப்பவே செய்திருக்குமெல்லே. பின்னேரம் முழுக்க மனுசன் விறகு கொத்தினது. விடியப்புறம்தான் தொடங்கினது. நான் பூனைக்கும் குடுத்துப் பாத்துத்தான் வச்சனான்."

அம்மா என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் சத்தி எடுத்திருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். மத்தியானம் தின்று விடியப்புறம் தொடங்கியது என்றதுதான் என் காலைப் பிடித்து இழுத்தது. ஏனென்றால் அந்த இடைவெளியை நான் படித்திருந்தேன்.

அந்தத் தவணையில்தான் எங்களுக்கு ஆர்.என்.ஏ. பற்றிய பாடம் நடந்தது. ஆங்கிலத்தில் கேட்டு, அறைக்கு வந்து என் சொந்தத் தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கும். கலத்தின் கருவுக்குள் டி.என்.ஏ. இருக்கிறது. அது வெளியே வராது. வேலை நடக்கும் இடமோ கருவுக்கு வெளியே. ஆகவே வேண்டிய பகுதியை மட்டும் பார்த்து ஒரு நொதியம் படி எடுக்கிறது. அந்தப் படிதான் ஆர்.என்.ஏ. எடுத்த படியை அப்படியே அனுப்புவதும் இல்லை. நடுவில் தேவையில்லாத துண்டுகளை வெட்டி எறிந்து, மிஞ்சியதை ஒட்டி, தலைக்கு ஒரு மூடி போட்டு, வாலில் ஒரு நீளத்தைக் கட்டித்தான் வெளியே விடுகிறது. வெளியே அதைப் பார்த்துப் புரதம் செய்யப்படுகிறது. செய்து முடிய அந்த வால் தேய்கிறது, மூடி கழலுகிறது, படி தின்னப்பட்டுப் போகிறது. சிலது நிமிடக்கணக்கில் போய்விடும். சிலது கொஞ்சம் கூட நிற்கும். நிரந்தரமாக நிற்பது என்று ஒன்றும் இல்லை. புதிதாக எழுதிக்கொண்டே இருக்கவேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை ஏன் உடனே அழிக்கவேண்டும் என்று எனக்கு முதலில் ஒரு திகில் இருந்தது. செய்முறை வகுப்பில் அது இன்னும் கூடியது. கள்ளின் அடிமண்டியிலிருந்து மதுவம் என்ற ஈஸ்ட்டை எடுத்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ. பிரிக்கவேண்டும். மின்சாரமும் இல்லை, ஐஸும் இல்லை. வெள்ளையாகத் திரண்டு வரவேண்டியது எங்கள் ஒருவருடைய குழாயிலும் வரவில்லை. மனிதரின் விரல் வியர்வையிலேயே அதைத் தின்னும் நொதியம் இருக்கிறது, கொதிக்கவைத்தாலும் அது அடங்காது என்று விரிவுரையாளர் சொன்னார். அன்றைக்கு முழுவதும் நான் என் கையைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பாடத்தின் கடைசியில்தான் அந்த நஞ்சு வந்தது. சில காளான்களில் ஒரு பொருள் இருக்கிறது. படி எடுக்கும் நொதியத்தைப் போய்ப் பிடித்து, அதை நகரவிடாமல் செய்துவிடும். சமைத்தாலும் அழியாது. தின்றவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஏனென்றால் ஏற்கனவே வெளியே போன படிகளையும் செய்து வைத்த புரதங்களையும் கொண்டு கலங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவை ஒவ்வொன்றாய்த் தேயத் தேயத்தான் விஷயம் வெளியே வரும். முதலில் குடல் கலங்கும். பிறகு அது அடங்கி, ஆள் தேறிவிட்டதுபோல ஒரு நாள் வரும். அந்த நாளில் ஈரல் உள்ளே விழுந்துகொண்டிருக்கும். சோதனையில் கேள்வியாக வரக்கூடிய இடம் என்று நான் அதற்குக் கீழே கோடு போட்டிருந்தேன்.

பூனை எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தகப்பன் கிடக்கிற கிடையில் பூனையைத் தேடுகிறாயே என்றார். தோட்டக்கார அம்மாதான் கண்டுபிடித்தார். வாழைக்குள், உடம்பெல்லாம் நனைந்து, நுரை தள்ளியபடி கிடந்தது. காலால் மெல்லத் தொட்டபோது கண்ணை மட்டும் திறந்தது. அவர் முருங்கையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அம்மாவின் முன்னால் நின்றார்.

"உது நாங்கள் தொடாத காளான், பிள்ளை. புத்திலை முளைக்கிறதைத்தான் நாங்கள் எடுக்கிறது. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

அம்மா கொட்டிலின் கப்புத்தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கவும் நேரமில்லை. அப்பாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, சால்வையால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டி, யாழ்ப்பாணத்துக்கு உழக்கினேன். வழியில் அவர் என் முதுகில் சத்தி எடுத்தார். தண்ணீர் மாதிரி இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொன்னார். அப்பா என்னிடம் அந்தச் சொல்லை அதற்கு முன் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் ஒரு இளம் பெண். நித்திரை இல்லாத முகம். வயிற்றோட்டம் என்று எழுதப் போனவரை நிறுத்தி, நான் படித்ததை எல்லாம் தமிழும் ஆங்கிலமுமாகக் கொட்டினேன். மருத்துவபீடமா என்று கேட்டார். இல்லை, விஞ்ஞானம் என்றேன். பேனையை மூடிவைத்தார். தானும் இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகத்தான் படித்ததாகவும், ஒரு நோயாளியைக் கண்டதில்லை என்றும் சொன்னார். ஈரலைச் சோதிக்கிற இரசாயனம் கையில் இல்லை. இருக்கிற குளுக்கோஸை ஏற்றுவோம், கண் மஞ்சளாகிறதா, கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். பிறகு, "நீங்கள் சொல்லுறது பிழையா இருக்கவேணும் எண்டு கும்பிடுங்கோ" என்றார். நானும் அப்படித்தான் கும்பிட்டேன். படித்தது பிழையாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு முழுவதும் கடுமையாகப் போயிற்று. திங்கள் காலையில்தான் அப்பா பசிக்கிறது என்றார்.

அன்றைக்கு அவர் முகத்தில் இரத்தக்களை வந்திருந்தது. தோட்டக்கார அம்மா கொடுத்துவிட்ட இளநீரைக் குடித்தார். பாண் ஒரு துண்டு சாப்பிட்டார். அடுத்த கட்டில்காரரிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். நான் அவரைச் சன்னல் பக்கம் திரும்பச் சொல்லிக் கண்மடலை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. கையை நீட்டச் சொன்னேன். நடுங்கவில்லை. அம்மா என்னை வெளியே கூப்பிட்டு, ஏன் முகத்தை இப்படி வைத்திருக்கிறாய், மாதா கைவிடவில்லை என்றார். அவர் முகம் மூன்று நாளைக்குப் பிறகு மலர்ந்திருந்தது. தன் கையால் போட்ட சோறு என்ற பாரம் அவரிடமிருந்து இறங்கியிருந்தது. அதைத் திரும்பத் தூக்கி அவர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓமம்மா என்று மட்டும் சொன்னேன்.

பத்து மணிபோல் அரியாலைப் பக்கம் விழுந்த செல்லில் காயப்பட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். கட்டில் எல்லாம் நிறைந்து, தரையில் பாய்கள், பாய்களுக்கு நடுவில் வெறும் சீமெந்து. அப்பாவின் கட்டிலுக்குக் கீழே, தொடையில் கட்டுப் போட்ட ஒரு மனிதரைக் கிடத்தினார்கள். மேசன் வேலைக்காரர். வலியோடு வலியாக அவர் அப்பாவிடம் என்ன வருத்தம் என்று கேட்டார். அப்பா சொன்னார்.

"காளான் திண்டவருக்குக் கட்டில், செல் திண்டவனுக்குச் சீமெந்து" என்றார் அவர். "நல்ல நியாயம்தான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு முடிய அவர் எழும்பி இருந்து, சாரத்தை இறுக்கிக் கட்டிவிட்டு, கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினார். நடக்கக்கூடியவர்கள் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று தாதிமார் ஏற்கனவே சொல்லிக்கொண்டு போயிருந்தார்கள். டொக்டர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்றார். அப்பாவை மறிப்பதற்கு அங்கே என்னைத் தவிர ஆள் இல்லை.

டொக்டர் வரட்டும் என்றேன். டொக்டருக்கு ஆயிரம் வேலை, வயிறு என்னுடைய வயிறு, அது சொல்கிறது என்றார். ஒரு நாள் மட்டும் இருங்கள் என்றேன். கால் பிய்ந்தவன் நிலத்தில் கிடக்கத் தான் கட்டிலில் காலாட்டிக்கொண்டு கிடப்பதா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அம்மா ஏற்கனவே போத்தலையும் கோப்பையையும் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கடலிலை சாகாதவன் கறியிலையே சாகப்போறன்?" என்றார் அப்பா. "எழும்பு, வெயில் ஏற முதல் போவம்."

"போகக்கூடாது அப்பா" என்றேன். "இண்டைக்கு உங்களுக்கு நல்லாயிருக்கும் எண்டு எனக்கு முந்தியே தெரியும்."

அவர் செருப்புத் தேடுவதை விட்டார். அம்மாவும் பையை விட்டார். வேறு வழியில்லாமல் நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்து சொல்லத் தொடங்கினேன். முதலில் கரு, படி, நொதியம் என்று வகுப்பில் சொன்னதுபோலவே சொன்னேன். அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லாமல் இருந்தது. இவ்வளவு படித்து, சொல்லவேண்டிய ஒரு ஆளுக்குச் சொல்ல முடியாமல் இருக்கிறேனே என்று அழுகை வந்தது.

அப்பா இளமையில் கிழக்குக் கரைக்கு வாடி அடித்துத் தங்கிக் கரைவலை இழுக்கப் போனவர். கரைவலையில் ஒருவர் முன்னே குரல் எடுத்துப் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடிக்கொண்டு அந்தக் குரலுக்கு இழுப்பார்கள். அம்பா என்பார்கள். அம்பா எடுப்பவர் அப்பாதான். அது ஞாபகத்துக்கு வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஈரலுக்குள்ளே கனபேர் வலை இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உள்ளே இருந்து ஒரு குரல் அவர்களுக்கு அம்பா எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு தரம் எடுத்த குரல் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வலை வந்த பிறகும் இழுத்துக்கொண்டே நிற்பார்கள். ஆகவே திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும். இந்தக் காளான் செய்வது ஒன்றுதான். குரல் எடுப்பவரின் வாயைப் பொத்திவிடும். இழுக்கிறவர்களுக்கு அது உடனே தெரியாது. கடைசியாகக் கேட்ட குரலுக்கு இழுத்துக்கொண்டு நிற்பார்கள். கரையில் நின்று பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக நடப்பதுபோலத் தெரியும்.

கீழே கிடந்த மேசனும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்குள்ளை இப்ப ஒருத்தரும் குரல் குடுக்கேல்லை எண்டுறாய்."

"அப்பிடி இருக்கலாம் எண்டுறன்."

"எவ்வளவு நேரம் இழுப்பாங்கள்?"

"தெரியாது அப்பா."

அம்மா கையில் இருந்த கோப்பையை நிலத்தில் வைத்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா பயந்து நான் பார்த்ததில்லை. கடலில் நேவிக்காரன் சுட்டு வள்ளம் ஓட்டையான கதையைக்கூடப் பகிடியாகத்தான் சொல்வார். அன்றைக்கு அவர் தன் வயிற்றின் வலப்பக்கத்தில், விலாவுக்குக் கீழே, மெதுவாகக் கையை வைத்துக்கொண்டார். உள்ளே ஏதாவது கேட்கிறதா என்று பார்ப்பவரைப்போல இருந்தார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தவன் நான். கொடுக்காவிட்டால் அவர் என் கரியரில் ஏறிப் போயிருப்பார்.

பிறகு அவர் ஒன்று செய்தார். என்னையும் தரை கூட்டும் பெண்ணையும் பிடிக்கச் சொல்லி மேசனைத் தன் கட்டிலில் ஏற்றினார். மேசன் வேண்டாம் என்றார். பகிடிக்குச் சொன்னேன் அண்ணை, மனதில் வைக்காதே என்றார். "நீ பகிடிக்குச் சொன்னனி, அவன் உண்மையைச் சொன்னவன்" என்று அப்பா என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, கட்டிலுக்குக் கீழே பாய் ஒன்றை விரித்துத் தான் படுத்துக்கொண்டார். அப்பாவின் குளுக்கோஸ் போத்தல் மேசனின் கட்டில் கம்பியிலேயே தொங்கியது. டொக்டர் மத்தியானம் வந்தார். குனிந்து கண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார். இங்கேயே இருக்கட்டும் என்றார்.

அன்று பின்னேரமே அப்பாவின் கண் மஞ்சளாகத் தொடங்கியது.

அடுத்த நாட்களைக் கோர்வையாகச் சொல்ல எனக்கு முடியவில்லை. செங்கமாரி என்று எல்லோரும் சொன்னார்கள். மஞ்சள் கண்ணிலிருந்து முகத்துக்கும் நெஞ்சுக்கும் இறங்கியது. பல் விளக்கும்போது முரசில் இரத்தம் வந்தது. சலம் போனால் தேயிலைச் சாயம் போல இருந்தது. கையை நீட்டச் சொன்னால் விரல்கள் தாமாக மடிந்து மடிந்து விரிந்தன. ஒரு நேரம் அம்மாவைப் பார்த்து, வாடைக்காற்று எழும்புது, வலையை ஏற்று என்றார். அம்மா ஏற்றிவிட்டேன் என்றார். அவர் எப்படி அவ்வளவு அமைதியாகச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் நான் முதலே சொல்லவில்லை என்ற கோபமா, சொன்னேன் என்ற கோபமா, அதையும் நான் கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பொம்மர் வந்து தலைக்கு மேலே சுற்றியது. ஆஸ்பத்திரிக்குப் போடமாட்டான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சத்தம் பதியும்போது அந்தப் பேச்சை ஒருவரும் நம்புவதில்லை. எழும்பக்கூடியவர்கள் சுவரோரம் ஓடினார்கள். நான் அப்பாவுக்கு மேலே குறுக்காகப் படுத்தேன். அவருடைய மூச்சில் ஒரு இனித்த நாற்றம் இருந்தது. குண்டு எங்கோ தள்ளி விழுந்து சன்னல்கள் அதிர்ந்தன. எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பொம்மருக்குச் சத்தம் இருக்கிறது, வருவதும் போவதும் தெரிகிறது. எனக்குக் கீழே, ஒரு விரல் தடிப்புத் தோலுக்கு உள்ளே நடந்துகொண்டிருந்ததற்குச் சத்தம் இல்லை.

கேட்டால் டொக்டர் ஒரே பதில்தான் சொன்னார். எல்லாக் கலங்களும் போயிருக்காவிட்டால், தப்பிய கொஞ்சத்திலிருந்து ஈரல் திரும்ப வளரும். எவ்வளவு தப்பியது என்பது யாருக்கும் தெரியாது. நான் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நஞ்சு விட்டுப்போன எங்கோ ஒரு கலத்தில் அந்த நொதியம் மெல்ல அசைந்து, ஒரு படியை எழுதி, வெட்டி, ஒட்டி, மூடி போட்டு வெளியே விடுவதை நினைத்துப் பார்ப்பேன். செபமாலை உருட்டும் அம்மாவுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

நிலைமை எப்போது நல்ல பக்கம் திரும்பியது என்று ஒரு நேரத்தைக் காட்ட முடியாது. சலத்தின் நிறம் கொஞ்சம் வெளுத்ததாக அம்மாதான் முதலில் சொன்னார். நான் நம்பவில்லை. கைநடுக்கம் குறைந்தது. ஒரு காலையில், கஞ்சியில் உப்பில்லை, இதை மாட்டுக்கு வைத்தாலும் குடியாது என்று அப்பா அந்தக் கூட்டும் பெண்ணை ஏசினார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அப்பாவின் கண்மடலை இழுத்துப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்தக் காளானில் இருந்தது நான் படித்த நஞ்சுதானா என்று இன்றைக்கும் தெரியாது. கொண்டுபோய்ப் பார்க்க ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. தோட்டக்கார அம்மா அன்றைக்கே முருங்கையடி முழுவதையும் கொத்தி எரித்துவிட்டார். பூனையையும் பிறகு ஒருவரும் காணவில்லை. நான் சொன்னது சரிதான் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்க விரும்பவில்லை.

டொக்டர் கடைசியாக வந்து, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று துண்டு எழுதிக் கொடுத்தார். அம்மா உடனே பையை எடுத்தார். அப்பா பாயில் எழும்பி இருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது, சட்டை தோளில் தொங்கியது. செருப்பைக் காலில் போட்டார். பிறகு எழும்பவில்லை. என்னைப் பார்த்தார்.

"எனக்கு இப்ப நல்லம்" என்றார். "இது எந்த நல்லம் எண்டு நீ சொல்லு."

அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நின்றது அதுவரை நடக்காத ஒன்று. அவர் கண்ணில் இருந்தது கேள்வி மட்டும் இல்லை. நான் போகவேண்டாம் என்றால் திரும்பப் படுத்துவிடுவார், இன்னும் எத்தனை நாளென்றாலும் அந்தச் சீமெந்தில் கிடப்பார் என்று தெரிந்தது. நான் அவரைச் சன்னல் பக்கம் திருப்பி, கண்மடலை இழுத்தேன். ஓரத்தில் இன்னும் மங்கலாக மஞ்சள் இருந்தது. அது போகிற மஞ்சளா, வருகிற மஞ்சளா என்று மஞ்சளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

"இது மற்ற நல்லம் அப்பா" என்றேன். "போவம்."

அவர் என் தோளைப் பிடித்து எழும்பினார். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கரியரில் ஏறச் சொன்னபோது, கொஞ்சத்தூரம் நடக்கிறேன் என்றார். அம்மாவோடு முன்னால் நடந்தார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். நான் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டு போனேன்.